சனிக்கிழமைக்குள் ஒரு கால்

போன ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை முற்பகல். வவுனியாவில் நெளுக்குளம் பக்கமாக இருக்கும் செயற்கைக் கால் செய்யும் நிலையம் ஒன்றில் கணினி, கடிதம், தொலைபேசி என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவன் நான். வெளியே வெயில் முற்றத்துப் புழுதியை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே, நான் செய்துவைத்த ஒரு காரியம் மெல்லப் புகையத் தொடங்கியது.

அதற்கு ஒரு கிழமை முன்புதான் தலைமையகத்திலிருந்து அறிவுறுத்தல் வந்திருந்தது. கால்களை வடிவமைக்கும் மென்பொருளை, அதைத் திறக்கத் தேவையான உரிமங்களை நிர்வகிக்கும் இணையத் தளம் ஒன்றோடு இணைக்க வேண்டும். உரிமங்கள் கொஞ்சம்தான், கிளைகள் பல. எனக்குக் கொஞ்சம் கணினி தெரியும் என்பதால் எல்லாக் கிளைகளுக்குமாக அந்த வேலை என் தலையில் விழுந்தது. நீண்ட இலக்கம் ஒன்றை ஒட்டினேன், இணைந்தது. பெயர்கள் வரிசையாக எழுந்து வந்தன. பாவிப்பவர்களுக்குப் பச்சைப் புள்ளி, பாவிக்காதவர்களுக்குச் சாம்பல் புள்ளி. முப்பது நாள் திறக்காதவரின் உரிமத்தைத் தானாகவே எடுத்து, காத்திருப்பவருக்குக் கொடுக்கவா என்று தளம் கேட்டது. சரி என்று அடையாளமிட்டேன். பாத்தியில் களை பிடுங்கியது போல ஒரு திருப்தி. சாம்பல் புள்ளிகளுக்குப் பக்கத்திலிருந்த பெயர்களை நான் வாசிக்கவில்லை. தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

எங்கள் நிலையத்தின் வடிவமைப்பாளர் ஓர் இளம்பெண்; எங்கள் எல்லாருக்கும் 'தங்கச்சி'. முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு மாதத்துக்கு மேல் ஊர் ஊராக அளவெடுத்துவிட்டு அந்தப் புதன்கிழமைதான் திரும்பியிருந்தார். அவருடைய வேலைமுறையே அப்படி. முதலில் அளவுகள் எல்லாம். பிறகு கதிரையில் அமர்ந்து, கால்கள் எல்லாம். மடிக்கணினியைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணை, எனக்கு லைசென்ஸ் இல்லையாம். உள்ள விடுதில்ல."

அவருக்குப் பின்னால் வாங்குப் பலகையில், ஊன்றுகோல்கள் இரண்டையும் மடியில் குறுக்காக வைத்தபடி ஒருவர் இருந்தார். கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த மீன்பிடிகாரர். அவருடைய பழைய செயற்கைக் கால் வெடித்துப் பிளந்துவிட்டது. புதியதற்கு அளவு எடுத்தாயிற்று. இன்றைக்கு வடிவமைத்தால், நாளைக்கு வார்த்து, வெள்ளிக்கிழமை போட்டுப் பார்க்கலாம். சனிக்கிழமை அவருடைய மகளுக்குத் தேவாலயத்தில் திருமணம்.

"வாசலிலயிருந்து பீடம் வரைக்கும் மகளின்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும், தம்பி. ரெண்டு கையிலயும் தடி இருந்தா அவளின்ர கையை ஆர் பிடிக்கிறது?"

நடந்ததை விளங்கப்படுத்தினேன். ஒரு மாதம் திறக்காததால் உரிமம் வேறொரு கிளைக்குப் போய்விட்டது, புதிதாக ஒன்று கேட்டால் ஒரு கிழமையாவது செல்லும் என்று. மீன்பிடிகாரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மாரியில கரையில ஏத்தி வைச்ச வள்ளத்தை, ஓடேல்லயெண்டு ஆரும் இழுத்துக்கொண்டு போறதோ?"

"பாவம் ஐயா, அண்ணை வேணுமெண்டு செய்யேல்ல," என்றார் தங்கச்சி.

"நானும் வேணுமெண்டு காலைக் குடுக்கேல்ல, பிள்ளை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போரிலும் அதற்குப் பிறகும் பெயர்ப் பட்டியல்களுக்கு முன்னால் நின்று நின்றே நரைத்தவர்கள் நாங்கள். நிவாரண அரிசிக்கு, கூரைத் தகரத்துக்கு, வீட்டுத் திட்டத்துக்கு. 'உங்கட பேர் இதில இல்லை' என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து தலை நிமிராமல் சொன்ன குரல்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன. மேசைக்கு இந்தப் பக்கம் வந்து அமர்ந்தபோது நானும் தலை நிமிரவில்லையே!

போன உரிமம் தெற்கே ஒரு கிளையிலுள்ள பெண்ணிடம் இருந்தது. அவர் பெயரருகே பச்சைப் புள்ளி. அதை மீளப் பறிக்க எனக்கு அதிகாரம் இருந்தது. இன்னொரு சொடுக்குத்தான். ஆனால் அதே பிழையை, கண்ணைத் திறந்துகொண்டு இரண்டாம் முறை செய்ய மனம் வரவில்லை. தொலைபேசியை எடுத்தேன்.

என் சிங்களம் முடவன், அவருடைய தமிழ் ஒரு குழந்தை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நடந்தன. அந்த உரிமத்துக்காக மாதக் கணக்கில் காத்திருந்தாராம். கிடைத்து மூன்று நாள்தானாம். திருமணத்தைச் சொன்னேன்.

"எனக்கும் ஆட்கள் இருக்கு. ஆனா, அவங்களுக்கு சனிக்கிழமை அவசரம் இல்ல," என்றார். "பத்து நிமிஷம் தாங்க. ஒரு கால் பாதியில இருக்கு."

மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறி தலையை ஆட்டி ஆட்டி எங்களை ஒவ்வொருவராக விசாரித்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணின் பச்சைப் புள்ளி ஒரு நொடியில் சாம்பலானது. அதை யாரும் எடுக்கவில்லை. அவரே கொடுத்தார். தங்கச்சியின் பெயரைச் சேர்த்தேன். பச்சை. அளவெடுத்த கால் திரையில் மெல்லச் சுழன்று எழுந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மீன்பிடிகாரர் புதுக் காலில், ஒரே ஒரு கைத்தடியோடு பஸ் ஏறினார். மற்றக் கை சும்மா வீசிக்கொண்டு போனது. அடுத்த கிழமையே உரிமத்தைத் தெற்கே திருப்பி அனுப்பினோம்.

திருமணத்துக்கு மறுநாள், ஞாயிறு காலை கைபேசிக்கு ஒரு படம் வந்தது. தேவாலய வாசல், வெள்ளை உடுப்பில் மகள், அவள் கையைப் பிடித்த அவர் கை. எடுத்தவர் இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தார். அந்தத் தென்பகுதிப் பெண்ணுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "கால் எங்க?"

அந்தத் தளத்தில் சாம்பல் புள்ளிகள் இப்போதும் முளைக்கின்றன. தானாக எடுக்கும் அடையாளத்தை நீக்கிவிட்டேன். பெயரை வாய்விட்டு வாசித்து, ஓர் அழைப்பு எடுத்து, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கிறேன். மறுமுனையில் ஒரு குரல் "இஞ்சதான் நிக்கிறன்" என்று சொல்லும்போதெல்லாம், எப்போதோ ஏதோ ஒரு வரிசையில் நின்ற என்னையே யாரோ தலை நிமிர்ந்து பார்த்தது போல இருக்கிறது.