மேஸ்திரியின் மீசைக்கு ஒப்பாரி

இராயபுரத்துக் கரிக்கிடங்கில் கூடை சுமந்த பெண்களுக்குள் சொக்கம்மாளைப் போல முகத்தை இறுக்கி வைத்திருந்தவள் வேறு யாரும் இல்லை. அவள் தங்கை மங்கை அதற்கு நேர் எதிர். தாய் வாந்திபேதியில் போன பிறகு மங்கையைத் தூக்கி வளர்த்தவள் சொக்கம்மாள்தான். கட்டியவனும் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவன் போனவனாகவே இருந்துவிட்டதால், அவளுக்கென்று உலகத்தில் இருந்தது இந்த ஒருத்தி.

"ஆத்தா வவுத்துல இருந்த சிரிப்பெல்லாம் நீயே வழிச்சிகினு வந்துட்டேடி" என்று தங்கையைத் திட்டுவாள். அதற்கும் மங்கை சிரிப்பாள்.

கிடங்கில் மலையாகக் குவிந்திருக்கும் கரியை ரயில் வாகன்களில் ஏற்றுவது பெண்களின் வேலை. தரையிலிருந்து வாகனின் விளிம்புக்கு நீளமாக ஒரு பலகை சாய்த்திருப்பார்கள். அந்த ஒரே பலகையில் முன்னும் பின்னுமாக நாலைந்து பேர் ஏறுவார்கள். பலகை வளையும், எழும்பும். எல்லாருடைய காலும் ஒன்றாக விழுந்தால் அதுவே ஆளை மேலே தூக்கிவிடும். ஒருத்தியின் கால் தப்பினால் அடுத்தவளைத் தள்ளிவிடும். கால்களை ஒன்றாக்கியது பாட்டு. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவள் மங்கை.

அவள் பாட்டில் புருஷன்மாரின் குறட்டை வரும். காசிமேட்டு மீன்காரிகளின் சண்டை வரும். கஞ்சியில் உப்புப் போட மறந்த மாமியார் வருவாள். பாடிக்கொண்டே ஏறினால் கூடையின் கனம் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் யாராவது ஒருத்தி அதையே முணுமுணுத்துக்கொண்டு போவாள். கேட்டு அவள் பிள்ளைகளும் பாடும்.

கிடங்கின் மேஸ்திரி ஏகாம்பரம். எண்ணெய் போட்டு முறுக்கிய மீசை அவருக்கு. பெண்கள் முன்னால் அதைத் தடவிக்கொண்டுதான் பேசுவார். ஒருநாள் கம்பெனித் துரை கிடங்கைப் பார்க்க வந்தார். மேஸ்திரி அவருக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து ஓடினார். பலகையின் உச்சியில் நின்ற மங்கை இதைப் பார்த்துவிட்டாள்.

"எங்களக் கண்டா நிமிருது, தொரையக் கண்டா தொங்குது, அது இன்னாடி?" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"மீச! மீச!" என்று பலகை முழுவதும் பதில் சொன்னது.

பெண்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று துரை கேட்டார். கூட வந்த குமாஸ்தா, வேண்டுமென்றோ விவரம் தெரியாமலோ, அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டார். துரை திரும்பி மேஸ்திரியின் மீசையைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலையில் மேஸ்திரி பெண்களை வரிசையாக நிறுத்தினார்.

"இன்னியிலேர்ந்து எவளாவது வாயத் தொறந்தா வூட்டோட நின்னுக்க வேண்டியதுதான். இது கரி டிப்போ, கூத்துக் கொட்டாய் இல்ல." சொல்லும்போது அவர் கண் மங்கையின் மேலேயே இருந்தது.

பாட்டு நின்றது. அன்றைக்கே கூடை கனத்தது. கால்கள் தாறுமாறாக விழுந்தன. "ஏண்டி என்ன தள்றே?" என்று சண்டை வந்தது. வீட்டுக்குப் போன பெண்கள் பிள்ளைகளை அடித்தார்கள். மங்கை அப்போது முழுகாமல் இருந்தாள், தலைச்சன். பலகையில் ஏறும்போது உதடுகளை மட்டும் அசைப்பாள். பின்னால் வருபவளுக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு மத்தியானம், பின்னால் வந்தவளின் கால் முந்தி விழுந்தது. பலகை துள்ளியது. மங்கை கூடையோடு வாகனின் ஓரமாகத் தண்டவாளக் கற்களின்மேல் விழுந்தாள். சொக்கம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் மேஸ்திரி அங்கே வந்து நின்றார். விழுந்தவளைப் பார்த்தார். மேலே பார்த்தார்.

"வவுத்தத் தள்ளிகினு வந்தா இப்டித்தான் ஆவும். பலகைய காலியா வுடாதே. அடுத்தவ ஏறு."

பிள்ளை அன்றே போயிற்று. சில நாளில் மங்கையும் போனாள். அவள் புருஷன் பரசுராமன் ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிப்பவன், திருவிழா நாட்களில் பறை அடிப்பவன். அவன் மேளத்தை எடுக்கப் போனபோது சொக்கம்மாள் தடுத்தாள்.

"மோளம் வேணாம். அவ ரத்தத்துக்குப் பதில் சொல்லாம இந்தச் சேரில ஒரு சத்தமும் கேக்கக் கூடாது."

அது துக்கத்தில் சொன்ன சொல் என்று நினைத்தார்கள். அவள் அப்படியே நடத்தினாள். மீன் அரியும் கத்தி ஒன்றை வாங்கித் தீட்டி, தலைச்சும்மாட்டுத் துணிக்குள் சுருட்டி, தினமும் கிடங்குக்குக் கொண்டு போனாள். மேஸ்திரி தனியாக நிற்கும் நேரத்துக்குக் காத்திருந்தாள். சேரியில் யாராவது சிரித்தால் அவர்கள் வாசலில் போய் நின்று பேசாமல் பார்ப்பாள். சிரிப்பு நின்றுவிடும். ஒரு கல்யாணம் மேளமில்லாமல் நடந்தது. பொங்கல் வந்த சுவடு தெரியாமல் போனது. அவளுக்காக மனமிரங்கி எல்லாரும் அடங்கிப் போனார்கள். ஆனால் அடங்கிப் போன சேரி அழுகிப்போக ஆரம்பித்தது. ஆண்கள் கள்ளுக்கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து பெண்சாதிகளை அடித்தார்கள். குழாயடியில் குடம் உருண்டது. ஜுரம் என்று ஒருத்தி படுத்தால் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. பரசுராமன் பட்டறைக்குப் போவதையே விட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாதான் ஒருநாள் குழாயடியில் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"நீ அந்த ஆளப் பழி வாங்கினு கீறியா, எங்களப் பழி வாங்கினு கீறியா? எம் பொண்ணு சிரிக்கறதுக்கு உன் மூஞ்சப் பாக்குதுமே. இதுதான் அந்தக் கம்னாட்டிக்கும் வோணும். கிடங்குல நம்ம வாயத்தான் மூடினான். இங்க நீ மூடிட்டே."

சொக்கம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் அந்தப் பேச்சு அவளைக் குடைந்தது.

அந்த வாரத்திலேயே அவள் காத்திருந்த நேரம் வாய்த்தது. மேஸ்திரி வேலை முடிந்து, கல்மண்டபத்துப் பக்கம் ஒரு வெற்றிலைக் கடையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். சொக்கம்மாள் சும்மாட்டுக்குள் கையை விட்டபடி பின்னால் நெருங்கினாள். கைப்பிடி தட்டுப்பட்டது. இன்னும் ஒரு எட்டு வைத்தால் போதும். அப்போது எதிர்ப்பக்கம் கோணிமூட்டை வண்டிக்காரர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக் 'கொல்'லென்று சிரித்தார்கள். அவர்கள் மேஸ்திரியைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் அவர் சுண்ணாம்பு தடவிய விரலோடு விறைத்துப் போனார். கை தானாக மீசைக்குப் போனது. காது மடல் சிவந்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று இப்படியும் அப்படியும் பார்த்தார். வெற்றிலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

சொக்கம்மாள் கத்தியை விட்டாள். குத்தினால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். அவருக்கு அவ்வளவு சீக்கிரம் தீரக் கூடாது என்று அவளுக்குப் பட்டது.

நேராகப் பரசுராமன் வீட்டுக்குப் போனாள்.

"எந்திரி நைனா. மோளத்தக் காய வை."

"எதுக்கு அக்கா?"

"சாவு விழுந்துகீது. மேஸ்திரி மீச செத்துப் போச்சு."

அவன் எழுந்து உட்கார்ந்து அவளை வெறித்துப் பார்த்தான். அவள் முகத்தில் கொஞ்சமும் விளையாட்டு இல்லை. அதுதான் அவனுக்குச் சிரிப்பு மூட்டியது. மாதக் கணக்கில் சிரிக்காதவன், இருமல் வந்ததுபோல் குலுங்கினான். அப்புறம் அழுதான்.

பாட்டுக் கட்டுவது சொக்கம்மாளுக்கு எளிதாக வரவில்லை. முதலில் கட்டியதெல்லாம் வெறும் வசவு. குழாயடியில் பாடிக் காட்டியபோது பெண்கள் சங்கடத்தோடு தலையாட்டினார்கள். "காறித் துப்புற மாரி கீது" என்றாள் பச்சையம்மா. பிறகு மங்கை எப்படிக் கட்டுவாள் என்று சொக்கம்மாள் நினைத்து நினைத்துப் பார்த்தாள். மங்கைக்கு யார்மேலும் பகை கிடையாது. கண்ணில் பட்டதைப் பாடினாள், அவ்வளவுதான். அடுத்த நாள் சொக்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு, மெய்யான ஒப்பாரி ராகத்திலேயே எடுத்தாள்.

"எண்ண தடவி வளத்தேனே, என்னப் பெத்த மீசையே!
குட புடிக்கப் போன எடத்துல குப்புற நீ சாஞ்சியே!"

பச்சையம்மா குடத்தைக் கீழே போட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. ஒருத்தி தரையில் உட்கார்ந்தே விட்டாள். நடுவில் சொக்கம்மாளுக்கும் தொண்டையிலிருந்து ஏதோ பீறிட்டு வந்தது. அது சிரிப்பு என்று தெரிந்ததும் செத்தவளுக்குத் துரோகம் செய்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். அதற்காக விடிந்ததும் தன்மேலேயே கோபப்பட்டாள். கோபம் பாட்டில் இன்னும் நாலு அடியாக வந்தது.

மாசி மாதம் மயானக் கொள்ளை வந்தது. அங்காளம்மனுக்கு வேஷம் கட்டி ஜனங்கள் பட்டப்பகலில் தெருத்தெருவாகப் போகும் நாள். அந்தக் கூட்டத்துக்குள் கரிக்கிடங்குப் பெண்கள் ஒரு பாடையைச் சுமந்து வந்தார்கள். பாடையின்மேல் தேங்காய் நாரில் திரித்த ஆளுயர மீசை, அதற்குப் பூமாலை. முன்னால் பரசுராமனின் பறை. பின்னால் தலைவிரி கோலமாகச் சொக்கம்மாள்.

மேஸ்திரியின் வீட்டு வாசலில் பாடையை இறக்கினார்கள். சொக்கம்மாள் பாட, பெண்கள் மாரடித்து வாங்கிப் பாடினார்கள். மீன்காரிகள் கூடையை இறக்கிவைத்துச் சேர்ந்துகொண்டார்கள். காளி வேஷக்காரர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தார். மேஸ்திரி கதவைத் திறந்து கத்தினார். அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னலில் அவர் பெண்சாதி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது. மேஸ்திரி அதைப் பார்த்தார். அவர் பார்த்ததைச் சொக்கம்மாளும் பார்த்தாள். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

மறுநாள் கிடங்கில் மேஸ்திரி வாயைத் திறந்ததும் யாரோ அந்த ஒப்பாரியை மூக்கால் முனகினார்கள். அவர் பிரம்பை எடுத்துப் பச்சையம்மாவின் முதுகில் ஒன்று வைத்தார். எல்லாப் பெண்களும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். பாடினார்கள். வாகன்கள் காலியாக நின்றன. இஞ்சின் கூவிக் கூவிக் காத்திருந்தது. துரை வந்து கேட்டபோது சொக்கம்மாள் எழுந்தாள்.

"பாட்டு இல்லாம பலகையில கால் வைக்க மாட்டோம். ஒருத்தி செத்தாச்சு."

துரைக்கு நியாயம் முக்கியமில்லை, வாகன் நிரம்ப வேண்டும். பாடிக்கொண்டே ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலைக்குள் வாகன்கள் நிரம்பின. தன்னைக் கண்டு சிரிக்கிற ஆட்களை எந்த மேஸ்திரியாலும் வேலை வாங்க முடியாது. வெயில் காலம் முடிவதற்குள் கம்பெனி அவரை அனுப்பிவிட்டது.

சேரி திரும்ப மனுஷர் வாழும் இடமானது. பரசுராமன் பட்டறைக்குப் போனான். படுத்தவள் வீட்டுக்குக் கஞ்சி போனது. பச்சையம்மா மகளுக்கு மேளத்தோடு கல்யாணம் நடந்தது. இதையெல்லாம் சொக்கம்மாள்தான் கொண்டு வந்தாள் என்று ஜனங்கள் சொன்னபோது அவளுக்குப் பிடிக்கவில்லை. "நான் ஒருத்தரையும் வாழ வெக்கல. அவன சாவடிச்சிகினு கீறேன்" என்றாள்.

நிஜமாகவே அவள் விடவில்லை. மேஸ்திரி எண்ணூர் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார் என்று தெரிந்ததும், அங்கே வாழ்க்கைப்பட்ட பெண்களுக்குப் பாட்டைச் சொல்லி அனுப்பினாள். உப்பு வாரும் பெண்கள் அதற்கு உப்புப் போட்டு ரெண்டு அடி சேர்த்துக்கொண்டார்கள். அவர் மீசையை மழித்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்குக்குக் காவல்காரராக வந்தார். மழித்த செய்தியும் பாட்டில் ஏறியது. எந்தத் தெருவில் குடிபோனாலும் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பாட்டு எப்படியோ தெரிந்திருந்தது.

வருஷங்கள் போயின. சொக்கம்மாளுக்குத் தலை நரைத்தது. கல்யாணமோ காதுகுத்தோ, அவள் வந்து எடுத்துக் கொடுக்காமல் சேரியில் எதுவும் தொடங்குவதில்லை. ஒருநாள் காலையில் வழவழத்த முகத்தோடு ஒரு கிழவர் அவள் வாசலில் வந்து நின்றார். அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

"போதும்மா" என்றார் ஏகாம்பரம். "நிறுத்தச் சொல்லு. என் பேரன் அதப் பாடிகினே ஆட்றான். என்னப் பத்தின பாட்டுன்னுகூட அவனுக்குத் தெரியாது. நான் செஞ்சது தப்புதான். உன் தங்கச்சி விஷயத்துல..."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சொக்கம்மாள் நிமிர்ந்தாள்.

"எந்தங்கச்சி பேரு இன்னா?"

கிழவர் வாயைத் திறந்தார். மூடினார். தரையைப் பார்த்தார்.

"போயி தெரிஞ்சிகினு வா. அப்பால பேசலாம்" என்றாள் அவள்.

அவர் தெருவில் இறங்கினார். பச்சையம்மாவின் வாசலில் நின்று கேட்டார். அவள் அரிசியைப் புடைத்தபடி இருந்தாள். அடுத்த வாசலில் கேட்டார். அங்கே கதவு சாத்திக்கொண்டது. பேன் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிரவே இல்லை. சேரியில் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பேரை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் வாசல் வாசலாகக் குனிந்து கேட்டுக்கொண்டே கோடிவரை போவதைச் சொக்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்க் கருவாட்டைச் சுட்டு, கஞ்சியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல பசி. வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பிட்டாள்.