இடுப்பில் இறுகும் கயிறு

இந்த இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் வலிக்குக்கூட எண் போடுகிறோம். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று நோயாளியிடம் கேட்டு, அடுத்த ஷிஃப்டுக்கு வரும் நர்ஸிடம் அதைச் சொல்லி அவரை ஒப்படைக்க வேண்டும். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவள்தான். இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், ஆளெண்ணும் காலைப் பெரட்டில் நின்று வலி என்று வாயைத் திறந்தால், "நடிக்கிறியா?" என்பார் கங்காணி. லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் அன்றைய பேர்ப்பதிவு போச்சு, கூலியும் போச்சு. அதனால் எதைக் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "ஒன்னுமில்ல." ஆனால் வயிறு வலிக்கும் நாளில், கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொள்வாள். அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

போன வாரம் ஆறாம் கட்டில் கிழவர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர், "பூஜ்யம்" என்றார். கை மட்டும் கவுன் நாடாவை இறுக்கிக்கொண்டே இருந்தது. அடுத்த ஷிஃப்டுக்கு வந்த சிஸ்டரிடம் அதையும் சேர்த்துச் சொன்னேன்.

"குளிருகிறதோ என்னவோ, இன்னொரு கம்பளி கொடுக்கலாம்" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. "குளிரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. டாக்டரைக் கூப்பிடுங்கள்." டாக்டர் வந்து பார்த்தால், வயிற்றுக்குள் புண் வெடித்திருந்தது. கிழவர் பிழைத்துக்கொண்டார். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

பாராட்டு உடம்பில் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஜார் கடைக்கு ட்ரங்க் கால் போட்டு அம்மாவை வரவழைத்தேன். "எனக்கு ஒன்னுமில்லம்மா. நீ சாப்ட்டியா?" என்றாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. கூட வந்த, லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு மரியக்காவிடம் ரிசீவரைக் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா, அம்மா படங்க இறுக்கிக் கட்டுறாங்களா?"

"ரெண்டு சுத்து கட்டுறாங்க புள்ள. நேத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஐயா முன்னால படங்கோட நிக்கிறது மரியாத இல்லன்னு வாசல்லயே அவுத்து மடிச்சு வச்சுட்டாங்க. உள்ள போயி ஒன்னுமில்லைங்க ஐயான்னாங்க. மாத்திர குடுத்து அனுப்பிட்டாரு."

"அம்மா சொல்றதச் சொல்லாதீங்கக்கா. நீங்க பாத்ததச் சொல்லுங்க. நாளைக்கே டவுன் பெரியாஸ்பத்திரிக்கு..."

லைன் அறுந்துவிட்டது. அக்கா காதில் எவ்வளவு விழுந்ததோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

முன்பின் தெரியாத கிழவரை ஒழுங்காக ஒப்படைக்கிறேன். பெற்றவளை யார் கையிலும் ஒப்படைக்காமல் விமானம் ஏறினேனே, பாவி.

மறுநாள் என் நோயாளிகளை ஒவ்வொருவராக ஒப்படைத்து முடித்தபோது, "நீ நன்றாக இருக்கிறாயா?" என்றாள் சிஸ்டர். "ஒன்றுமில்லை" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சீருடை பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தாள்.

"எங்கே வலிக்கிறது?"

"பொகவந்தலாவையில்" என்றேன். அது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை.