ருக்மிணி இல்லாத ஜோடிப் படம்

பெங்களூரில் எங்கள் நீலசந்திராவில் ருக்மிணியிடம் வம்புக்குப் போக யாருக்கும் துணிச்சல் கிடையாது. பட்டாளத்து பென்ஷன் ஆபீசையே மடக்கியவள் என்று பெயர். அந்தப் பெயரை அவள் சும்மா வாங்கவில்லை.

அவள் கணவர் அப்பாதுரை பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்தவர். 1990இல் ஓய்வுபெறும் சமயம், பென்ஷன் தாள்களுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும் படம் கேட்டார்கள். ருக்மிணிக்கு இரண்டாவது பிள்ளை, ஒன்பதாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரி படம் எடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். துப்பாக்கிக்குப் பயப்படாத அப்பாதுரை அம்மாவுக்குப் பயந்தார். "அக்கா தங்கச்சி ஒரே ஜாடைதானே, யாரு பாக்கப் போறாங்க?" என்று ருக்மிணியின் தங்கை பாமாவை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய்ப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டார். மகா புத்திசாலி!

1993இல் மாரடைப்பில் அவர் போய்விட்டார். குடும்ப பென்ஷன் கேட்டு வந்த ருக்மிணியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார் அதிகாரி முனிராஜ்.

"ஏனம்மா இது?" என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். "போட்டோல இருக்கறது நீ இல்லையே!"

பாமாவே போய் உண்மையைச் சொன்னாள். அது இன்னும் மோசமாயிற்று. "படத்துல இருக்கறவதான் பொண்டாட்டி. ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடறீங்களா?" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பென்ஷன் வராவிட்டால் ஏழாவது படிக்கும் மூத்த மகள் சிந்துவை நிறுத்தி, ஊதுபத்தி உருட்ட அனுப்ப வேண்டும். அன்று ருக்மிணி தெரு என்றும் பாராமல் அழுதாள்.

அடுத்த வாரம், அப்பாதுரையின் டிரங்குப் பெட்டியைக் குடைந்து ஒரு தாளோடு போனாள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இரண்டாவது பிரசவத்துக்குக் கொடுத்த சீட்டு அது.

"சார், படத்துக்குப் பின்னாடி ஸ்டுடியோ முத்திரைல என்ன தேதி?"

"மார்ச் பதினாலு."

"இந்தச் சீட்டுல, நாயக் அப்பாதுரை சம்சாரத்துக்கு ஆம்பளப் புள்ள பொறந்தது என்னிக்கு?"

"அதே வருஷம், ஏப்ரல் ரெண்டு."

"இப்ப அந்தப் படத்துல நிக்கிறவ இடுப்பப் பாருங்க. பத்தொம்போது நாள்ல புள்ள பெக்கற இடுப்பா சார் அது?"

முனிராஜ் பார்த்தார். பாமா அந்தக் காலத்தில் முருங்கைக்காய் மாதிரி இருப்பாள். அடுத்த மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சீட்டில் தாயின் அங்க அடையாளம் என்று எழுதியிருந்த முழங்கைத் தீத்தழும்பையும் ருக்மிணி கையை மடக்கிக் காட்டினாள். முனிராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு, "கூத்கொள்ளம்மா" என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார்.

ஐந்தாம் மாதம் பென்ஷன் வந்தது, விட்டுப்போனதையும் சேர்த்து. சிந்து பி.காம். முடித்து எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போனாள். தெருவுக்கே பெருமை, பக்கத்து வீட்டுக்காரியான எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

2005இல் சிந்துவுக்கு வளைகாப்பு. "போட்டோ மட்டும் வேணாமே, ஆகாதுன்னு சொல்வாங்க" என்று அவள் மாமியார் இழுத்தார். ருக்மிணி காதில் வாங்கவே இல்லை. மகளையும் மருமகனையும் சேர்த்து நிறுத்தி, போட்டோக்காரரிடம் உரக்கச் சொன்னாள்:

"வயிறு நல்லாத் தெரியணும்ப்பா. பாமா, நீ மட்டும் தள்ளி நில்லுடி!"