நின்று அடித்த சண்டை

என் மகன் கனடாவில் கூண்டுக்குள் சண்டை பிடித்துச் சம்பாதித்தான். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் அனுமதிக்கப்பட்ட சண்டை அது. அவனுடைய பலம் மல்யுத்தம் மட்டுமே. தொடங்கியதும் குனிந்து எதிராளியின் தொடைகளை அணைத்து நிலத்தில் சாய்ப்பான். பிறகு அவனுக்கு அவசரம் இல்லை. மேலே கிடந்து பாரத்தைக் கொடுத்து, மற்றவன் களைக்கும்வரை காத்திருந்து, முதுகுப்பக்கமாகக் கழுத்துக்குள் கையை நுழைப்பான். மற்றவன் உள்ளங்கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்ட கணமே விட்டுவிடுவான். எழும்பக் கையும் கொடுப்பான். முகத்தில் மாற்றம் இராது. சின்ன வயதில் காய்ச்சலோடு கிடந்தபோதும் அதே முகந்தான்.

அப்படியே பல சண்டைகளை வென்றான். எனக்கு அது போதவில்லை.

அங்கே சனிக்கிழமை இரவு நடப்பது இங்கே ஞாயிறு காலையில் வரும். மகன் அனுப்பிய காசில் வாங்கிய பெரிய தொலைக்காட்சி எங்கள் ஊரான சுருவிலில் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அயலவர்கள் கூடுவார்கள், கதிரைகள் போதாது. தெற்கில் கடை வைத்திருந்து திரும்பிய ஒருவர் எப்போதும் முன்னுக்கு இருப்பார்.

“மாஸ்டர், உம்மடை பெடியன் என்ன, அவனைக் கட்டிப்பிடிச்சு நித்திரை கொள்ளுறானோ?”

“தலகாணி ஒண்டு குடுங்கோப்பா,” என்றார் பின்னாலிருந்து இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கடைக்குப் போனாலும், “நித்திரை முடிஞ்சுதோ, மாஸ்டர்?” என்று கேட்டார்கள். ஒருநாள் மகன் தொலைபேசியில் பேசியபோது அதைச் சொன்னேன்.

“அப்பா, என்ரை கை நீளமில்லை. நிண்டு குத்துப்பட எனக்கு ஏலாது. விழுத்தினாத்தான் நான் தப்புவன்.”

“ஒருக்கா எண்டாலும் நிண்டு அடியடா. இஞ்சை நான் தலை நிமிந்து திரிய வேண்டாமோ?”



“ஓமப்பா,” என்றான்.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். அவன் சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை.

அடுத்த சண்டையில் அவன் குனியவில்லை. கூண்டுக்கு வெளியே பயிற்சியாளர் தரையைக் காட்டிக் காட்டிக் கத்தினார். மகன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் விட்ட ஒரு குத்தில் எதிராளியின் உதடு கிழிந்தது.

“இப்பதான் மாஸ்டர், சண்டை,” என்று கடைக்காரர் எழுந்து நின்றார். நான் கைதட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே மகனுடைய வலது கண்ணில் உதை விழுந்தது. விழுந்தவன்மேல் இன்னும் சில குத்துகள். நடுவர் பாய்ந்து மறித்தார். யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

மனைவி குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன, ஒருத்தற்றை சத்தத்தையும் காணேல்லை? வெண்டிட்டானோ?”

விழித்திரை கிழிந்திருந்தது. சத்திரசிகிச்சைகள் செய்தும் அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. ஒரு கண்ணோடு சண்டைக்கு அனுமதி தரமாட்டார்கள். இப்போது அவன் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறான்.

போன வருடம் நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்து எங்களோடு நின்றான். பார்க்க வந்த கடைக்காரர் என் முன்னாலேயே கேட்டார்.

“தம்பி, அண்டைக்கு ஏன் நீர் அவனை விழுத்தேல்லை? அதுதானே உம்மடை தொழில்?”

மகன் என்னைப் பார்க்கவில்லை.

“மறந்து போனன், மாமா.”

“அதையும் மறக்கிறதே?”

“அவன் சின்னனிலையிருந்து உப்பிடித்தான்,” என்றாள் மனைவி. “ஒவ்வொரு மாரிக்கும் பள்ளிக்கூடத்திலை குடையை விட்டிட்டு வருவான்.”

அவன் சிரித்தான். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

அவன் திரும்பிப் போய்விட்டான். மகனைப் பற்றி யாராவது விசாரித்தால் மனைவி இன்றைக்கும் அதையே சொல்கிறாள்: பிள்ளை ஒரு கணம் மறந்துவிட்டான், அதனால் கண் போய்விட்டது. சில நேரம் அவனை ஏசவும் செய்கிறாள். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.