அப்பாவின் இடத்தில் அக்கா

அப்பாவின் இதய வால்வை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்ன வாரத்திலேயே, பவர் பத்திரம் எழுத வேண்டும் என்று அப்பா சொன்னார். வங்கிக் கணக்கு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பங்கு, ஓரிக்கையில் வாங்கிப் போட்ட மனை எல்லாம் அவர் பெயரில் இருந்தன. படுத்துவிட்டால் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். அதை யாருக்கு எழுதுவது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பத்திரம் எழுதுகிறவருக்குத்தான் இருந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே சின்ன அறை. கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "உங்க ஆதார் குடுங்க சார்" என்றார். நான் ஒரே மகன். சென்னையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை. அவர் நினைத்ததில் தவறில்லை.

"அவன் சும்மா கூட வந்தான்பா. பவர் இவளுக்கு" என்று அப்பா அக்காவைக் காட்டினார்.

அக்காவைப் பக்கத்துத் தெருவில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. ஆனால் பகலெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அங்கே இரண்டு தறிகள்: ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அவள். பட்டு வாங்குவதிலிருந்து சங்கத்தில் சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது வரை அவள் பொறுப்பு.

பத்திரம் எழுதுகிறவர் வேகமாகத் தட்டச்சு செய்தார். நடுவில் நிறுத்தி, "ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். நீங்க உயிரோடயும் நெனவோடயும் இருக்கிற வரைக்கும்தான் இது செல்லும்" என்றார்.

"அதுக்கப்புறம் எனக்கு இன்னா வேல இருக்குது? எழுதுப்பா. அப்படியே மண்டகப்படியையும் சேர்த்துடு."

திருவிழாவில் சாமி எங்கள் தெரு மண்டபத்தில் இறங்கும் நாள் ஒன்று உண்டு. அன்றைய பூஜையான மண்டகப்படி எங்கள் குடும்பத்துடையது. முடிவில், சாமிக்குச் சாத்திய துணியைப் பூஜை செய்தவர் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார்கள். அப்பா ஆண்டுதோறும் கட்டிக்கொண்டவர். பெண் தலையில் கட்டி நான் பார்த்ததில்லை.

எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாமிக்கெல்லாம் பவர் எழுதறதில்லைங்க ஐயா. அந்த ஆபீசு வேற."

"எழுதினா இன்னா கெட்டுப்போயிடும்?"

"எம் பேரு கெட்டுப்போயிடும்."

கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. கடைசியில், 'கோயில் மற்றும் பொதுக் காரியங்களில் எனக்குப் பதிலாகக் கலந்துகொள்ளவும்' என்று ஒரு வரி சேர்ந்தது. சட்டப்படி அதற்கு என்ன மதிப்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சார்பதிவாளர் முன் அப்பா கைரேகை வைத்தார். படம் எடுக்கும்போது இரண்டு முறை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மருத்துவர் குறித்த தேதி வரை உடம்பு காத்திருக்கவில்லை. திருவிழா தொடங்கியிருந்த நேரம், ஒரு காலையில் அப்பாவுக்கு மூச்சு திணறியது. ஆம்புலன்சில் சென்னைக்குக் கொண்டுபோனோம். அறுவைச் சிகிச்சையை உடனே செய்ய வேண்டும் என்றார்கள். அக்கா பத்திரத்தோடு வங்கிக்குப் போனாள்; அன்று மாலைக்குள் மருத்துவமனைக்குப் பணம் போய்விட்டது. அந்தப் பத்திரம் இல்லாமல் அது நடந்திருக்காது.

மறுநாள் எங்கள் மண்டகப்படி. அன்றிரவு, அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த அப்பா ஆக்சிஜன் முகமூடியைக் கையால் விலக்கினார்.

"ரெண்டு பேரும் இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? அம்மா என்னைப் பாத்துக்குவா. ஊருக்குப் போங்க." பிறகு அக்காவிடம், "நீ நில்லுமா. இவன் பக்கத்துல இருக்கட்டும்" என்றார்.

அம்மா முகமூடியைப் பிடுங்காத குறையாக மறுபடி மாட்டிவிட்டாள்.

விடிந்ததும் ஊரில் இருந்தோம். மண்டபத்தில் சாமி வந்து இறங்கியதும், தெருப் பெரியவர் என்னைக் கைகாட்டி அழைத்தார். அப்பாவுக்கு அண்ணன் முறை. "வாப்பா, முன்னால வா."

நான் நகரவில்லை. அக்கா முன்னால் போனாள். "அப்பா என்னைத்தான் நிக்கச் சொன்னாரு பெரியப்பா. எழுதியே குடுத்திருக்காரு."

"வேற வீட்டுக்குப் போன பொண்ணுமா நீ."

"தறியில உக்காரும்போது யாரும் அதைக் கேக்கலியே."

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கவில்லை.

"பத்திரம் ஆபீசுல செல்லும்மா. சாமிகிட்ட செல்லுமா?"

"கேட்டுச் சொல்லுங்க பெரியப்பா. நான் இங்கதான் நிக்கிறேன்."

அவள் குரல் உயரவில்லை. இப்போது திருப்பி அனுப்பினால், பிறகு எந்தத் திருவிழாவிலும் அவளால் அங்கே நிற்க முடியாது. அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

குருக்கள் இரண்டு பக்கமும் பார்த்தார். சாமி அடுத்த தெருவுக்கும் போக வேண்டும். "சங்கல்பம் யார் பேருக்கு?" என்று அக்காவிடமே கேட்டார். அவள் அப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். பூஜை நடந்தது. முடிந்ததும் பரிவட்டத் துணியைக் குருக்கள் பெரியவரிடம் நீட்டினார். பெரியவர் அதைச் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு அக்காவின் கைகளில் வைத்தார்.

தலையில் கட்டவில்லை. கையில் கொடுத்தார். இரண்டும் ஒன்றல்ல, செய்தியாக எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அக்கா துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரு கைகளிலும் ஏந்தியபடி சாமியைச் சுற்றி வந்தாள். மேளம் நிற்கவில்லை. ஒரே மகன் ஒதுக்கப்பட்டதாக உனக்கு வருத்தமில்லையா என்று பிறகு சிலர் கேட்டார்கள். அன்று பின்னால் நடந்து வந்த எனக்கு அவளுடைய நிமிர்ந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. அதை எல்லாருக்கும் காட்ட வேண்டும் போலிருந்தது.

அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்து அப்பா வீடு திரும்பியதும் பெரியவர் பார்க்க வந்தார். நலம் விசாரித்துவிட்டு, காபி பாதி குடித்தபின் விஷயத்துக்கு வந்தார்.

"உடம்புதான் தேறிடுச்சே. அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணிடேன். தெருவுல பேச்சு அடங்கும்."

"நல்லா வேல செய்யறவள எதுக்கு அண்ணே நிறுத்தணும்?" என்றார் அப்பா. "ஆமா, கையில குடுத்தீங்களாமே? இத்தினி வருசமா எனக்குத் தலையிலதான கட்டினீங்க?"

"ஒனக்கு ஆபரேசன் நெஞ்சுலதான பண்ணாங்க? வாய அப்படியே உட்டுட்டாங்களே!"

இருவரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தபோது தையல் வலித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் மிச்சக் காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். பத்திரம் இன்னும் ரத்தாகவில்லை. அடுத்த மண்டகப்படி இன்னும் வரவில்லை.

அவர் போனதும், உள்ளே தறிச் சத்தம் நின்றது. "இன்னாப்பா சொல்லிட்டுப் போறாரு?" என்று அக்கா கேட்டாள்.

"ஒன் தல அளவு கேட்டுக்கினு போறாரு" என்றார் அப்பா.