ஆராம் பங்களா அம்மாள்

“கடியாரத்தக் குடுங்க” என்று கையை நீட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நிற்கிறாள் பிரிஜெட் அம்மாள். மாட்டு வண்டியிலிருந்து இறங்கிய மனிதர் இன்னும் குடையைக்கூட மடக்கவில்லை. அறை, வெந்நீர், காபி எல்லாம் பிறகு. முதலில் கடிகாரம் அவள் கைக்கு வந்தாக வேண்டும். அதை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் “உள்ள வாங்க, ஆராமா இருங்க” என்கிறாள். ஆராமாக, அலுப்புத் தீர ஓய்வாக இருக்கச் சொல்லும் அந்தக் குரல் இருக்கிறதே, அது பட்டாளத்தில் அணிவகுப்புக்குக் கூப்பிடுகிற குரல். கேட்டவுடன் யாருக்கும் முதுகு நிமிர்ந்துவிடும்.

வைட்ஃபீல்டில், ரயில் நிலையத்திலிருந்து ஒரு மைல் தள்ளி, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே ஆறு அறைகள் கொண்ட ஓட்டு வீடு, ஆராம் பங்களா. சொந்தக்காரர் கிளாரன்ஸ் துரை கண்டோன்மெண்டில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. வாடகைக்கு விடுவது, சமைத்துப் போடுவது எல்லாம் பிரிஜெட்தான். சித்திரை வெயிலில் மதராசிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஜூன் பிறந்து தூறல் பிடித்துக்கொண்டால் ஈ காக்கை கிடையாது. அதனால் மழைக்காலத்துக்குப் பாதி வாடகை. பாதி வாடகைக்கு வருகிறவர்கள் வாத்தியார்கள், அச்சாபீஸ்காரர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள்.

பிரிஜெட்டுக்கு இவர்கள்மேல்தான் உயிர். “சீசன்ல வர்றவங்க போட்டோ புடிச்சிக்கினு போறவங்க. மழையில வர்றவங்கதான் மெய்யாலுமே அலுத்துப் போனவங்க” என்பாள்.

அவளுக்கு ஐம்பது வயது. நல்ல உயரம். சேலைக்கு மேலே ஒரு காக்கி ஓவர்கோட்டு, கணவர் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்த காலத்தில் கிடைத்தது. ஏழு மணிக்கு முன்னால் எழுந்து நடமாடுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பிடிக்காது; படுக்கைக்கே திருப்பி அனுப்பிவிடுவாள். தங்க வந்தவர் தன் படுக்கையைத் தானே மடித்தாலும் கோபம்தான். ஒரு தடவை சேஷகிரி என்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா பெட்டியில் பைல்களோடு வந்துவிட்டார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அத்தனையையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். “எட்டு நாள்ல மைசூரு ராஜ்ஜியம் முழுகிப் போயிடாது சாமி” என்று சமாதானம் வேறு. இத்தனை பேரைப் பிடித்து உட்கார வைக்கிறவள் வராந்தாவிலுள்ள பிரம்பு நாற்காலி ஒன்றில் ஒரு நிமிஷம் உட்கார்ந்ததாக யாரும் பார்த்ததில்லை.

ஜெயராஜ் வந்தது 1937 ஜூலையில். ஒக்கலிபுரத்துக்காரர். ரயில்வே கேபின் ஒன்றில் லீவர்களை இழுத்துக் கைகாட்டிகளை ஏற்றி இறக்குகிற வேலை, பதினாறு வருஷமாக. ஒருநாள் பிற்பகலில் கண் சற்றே அசந்து, வண்டி வருவதை அறிவிக்கும் மணிச் சத்தம் ஒரு நொடி தாமதமாகக் காதில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. வண்டி வந்தது, போயிற்று. ஆனால் அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. மூன்று மாதத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் பத்து நாள் லீவு கொடுத்தார். திரும்பி வரும்போதும் கை நடுங்கினால் கேபின் கிடையாது, கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

மனைவி அல்போன்சா அவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். ‘இவருக்குத் தூக்கம் வருவதில்லை. தூங்கச் சொல்லித் திட்டாதீர்கள். நான் திட்டிப் பார்த்துவிட்டேன்.’ பிரிஜெட் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்று சாயங்காலம் அவர் கையில் டீக் கோப்பை சாஸர்மேல் கடகடவென்று ஆடிற்று. அவள் பார்க்காதது போல ஜன்னலைச் சாத்தப் போனாள். மறுநாளிலிருந்து அவருக்கு மட்டும் டீ டம்ளரில் வந்தது.

கடிகாரத்தை அவர் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். ஆனால் அவருடைய கடிகாரம் பிஸ்கட் டின்னில் அடங்குகிற ரகம் அல்ல. வீட்டுக்குப் பின்னால், கொல்லைகளைத் தாண்டினால் மேட்டின்மேல் தண்டவாளம். மத்தியானச் சாப்பாடு முடிந்து படுத்தவர் அரை மணியில் எழுந்து உட்கார்ந்தார்.

“பாசஞ்சர் போயிடிச்சி. கூட்ஸு இன்னும் வர்ல” என்றார்.

“வந்தா வருது, வராங்காட்டி போவுது. நீங்க படுங்க தம்பி.”

படுத்தார். பத்து நிமிஷத்தில் மறுபடி எழுந்தார். சத்தம்தான் அவரை எழுப்புகிறது என்று பிரிஜெட் முடிவு கட்டினாள். முன்பக்க அறைக்கு மாற்றினாள். ஜன்னலில் கம்பளியைக் கட்டினாள். கசகசா அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தாள். கடைசியில் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். காதில் விழவில்லை என்றதும் மனிதர் மழையில் வேலிவரை நடந்துபோய்க் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கத் தொடங்கிவிட்டார். இப்படியே ஐந்து நாள் ஓடிப்போயிற்று.

ஆறாம் நாள் அவளுக்கே பொறுமை போய்விட்டது. வேலிக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

“அந்த வண்டியில உங்க சொந்தக்காரங்க யாராச்சும் வர்றாங்களா?”

அவர் சிரிக்கவில்லை. “வர வேண்டிய வண்டி வரலேன்னா எப்படிக்கா தூங்கறது?” என்றார். “கேபின்ல டூட்டி முடிஞ்சா சும்மா எந்திரிச்சிப் போயிட முடியாது. அடுத்த ஆளு வரணும். எந்த வண்டி லைன்ல இருக்குது, எது வரணும்னு அவன்கிட்ட சொல்லணும். அவன் திருப்பிச் சொல்லணும். சார்ஜ் எடுத்துக்கினேன்னு வாயால சொல்லணும். அப்பத்தான் படி எறங்கலாம்.”

“சரி. லீவுல வந்தீங்களே, அன்னிக்கி யாருகிட்ட சொல்லிட்டு எறங்கினீங்க?”

ஜெயராஜ் தண்டவாளத்தையே பார்த்தார். அன்றைக்குக் கை ரொம்ப நடுங்கியது. அவரைத் தோளைப் பிடித்துக் கீழே அழைத்துப் போய்விட்டார்கள். வேறொருவர் லீவரைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பிரிஜெட் ஓவர்கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள். “லைன்ல இன்னா வண்டி இருக்குது? சொல்லுங்க.”

அவர் அவளை ஒருமாதிரி பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். மாலூர்ப் பக்கமிருந்து கூட்ஸ் ஒன்று வரவேண்டும், லேட். அதற்குப் பிறகு சாயங்காலப் பாசஞ்சர். அவள் திருப்பிச் சொன்னாள். முன்பின்னாகச் சொன்னாள். அவர் திருத்தினார். மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை சரியாக இருந்தது.

“சார்ஜ் எடுத்துக்கினேன்” என்றாள். “படி எறங்குங்க.”

அவர் நாலடி நடந்து நின்றார். “அக்கா, என்ஜினப் பாத்துட்டு வந்துடாதீங்க. கடைசிப் பொட்டிக்குப் பின்னாடி ஒரு செவப்பு லைட்டு இருக்கும். அதப் பாத்தாத்தான் வண்டி முழுசாப் போச்சின்னு அர்த்தம்.”

“செவப்பு லைட்டு. பாக்கறேன். போங்க.”

கூட்ஸ் வண்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அவள் அங்கேயே நின்று பார்த்துவிட்டு வந்தபோது ஜெயராஜ் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த பிறகும் தூங்கினார். பிரிஜெட் கதவருகில் கொஞ்ச நேரம் நின்றாள். தன் பிள்ளைக்கு ஜுரம் விட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எல்லோருக்கும் தாமதம். ஏன் என்று கேட்ட ஒருவரை அவள் பார்த்த பார்வையில் மற்றவர்கள் கேட்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் இரண்டு வேளை வேலியருகில் இந்தச் சடங்கு நடந்தது. ராத்திரி வண்டிகளையும் சேர்த்தே அவர் ஒப்படைத்தார். அவற்றுக்கு அவள் விழித்திருந்தாளா என்று தெரியாது. அந்த வாரம் காலைக் காபியில் இரண்டு தடவை சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது, அவ்வளவுதான் தெரியும். பத்தாம் நாள் விடியற்காலையில் ஜெயராஜ் டம்ளர் வேண்டாமென்று, சாஸர்மேல் சத்தமில்லாமல் நின்ற கோப்பையில் டீ குடித்துவிட்டு, பால் வண்டியில் ஏறி ஸ்டேஷனுக்குப் போனார்.

ஆகஸ்டில் அல்போன்சாவின் கடிதம் வந்தது. டாக்டர் கையை நீட்டச் சொல்லி, புறங்கைமேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தாராம். காகிதம் அசையவில்லையாம். மறுநாளே கேபினுக்கு அனுப்பிவிட்டார்களாம். இப்போது வீட்டில் குறட்டைதான் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒன்றுதான் விட்டுப்போயிற்று. அவசரமாகக் கிளம்பிய ஜெயராஜ், பிரிஜெட்டிடம் கொடுத்த சார்ஜைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் ஆகிறது. பிற்பகலில் கூட்ஸ் வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டால் அவள் கையில் எது இருந்தாலும் வைத்துவிட்டு வேலிக்குப் போய்விடுகிறாள். இந்த ஜூலையில் தங்க வந்திருக்கும் நர்ஸ் மௌரீன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

“ஒரு கார்டு எழுதிப் போட்டா அவரே திருப்பி வாங்கிக்குவாரே ஆன்ட்டி.”

“போட்டா, மறுபடி அவரு தலைலதானே ஏறும்?” என்றாள் பிரிஜெட். “வேணாம் மிஸ்ஸி. எங்கிட்டயே இருக்கட்டும். அவரு தூங்கட்டும்.”

சொல்லி முடிப்பதற்குள் மாலூர்ப் பக்கம் ஊதல் கேட்டது. தூறல் மழையாகிவிட்டது. பிரிஜெட் வேலியருகே போய் நின்றுகொண்டாள். என்ஜின் வந்தது, புகை கொல்லைமேல் இறங்கியது, பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக ஊர்ந்தன. “நனையிறீங்க, உள்ள வாங்க” என்று மௌரீன் வராந்தாவிலிருந்து கூப்பிட்டாள். பிரிஜெட் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறு என்பது போல ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினாள். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு புளியமரங்களுக்குப் பின்னால் போய் மறைந்த பிறகுதான் அந்தக் கை இறங்கியது.