பாலத்தின் மேல் ஒரு செபம்

எல்லை தாண்டிவிட்டதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை அய்யாவைப் படகோடு பிடித்துக்கொண்டு போனபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். தங்கச்சிமடத்தில் அப்படிப் பிடிபட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு என்பதால் அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வெட்கம் வந்தது அம்மா ஆட்டோ ஓட்டத் தொடங்கிய பிறகுதான்.

சவூதிக்கு வேலைக்குப் புறப்பட்ட மாமா தன் ஆட்டோவை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். யாருக்காவது வாடகைக்கு விடச் சொன்னார். அம்மாவோ தனக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கித் தந்துவிட்டுத்தான் மாமாவால் விமானம் ஏற முடிந்தது. அதுவரை வீடு, கோயில், கருவாடு காயப்போடும் மணல் தவிர அம்மாவுக்கு வேறு திசை கிடையாது.

ஓட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் செபம் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். வண்டியை எடுக்கும்போது நெற்றியில் சிலுவை போடுவாள். எதிரே பஸ் வந்தால் ‘அருள் நிறைந்த மரியே’ சத்தமாகக் கிளம்பும். பஸ் போனதும் தணியும். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவளுக்கு ‘மாதா சர்வீஸ்’ என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் என் வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

மழைக்காலத்தில் அய்யாவை விட்டுவிட்டதாகச் சேதி வந்தது. மண்டபத்துக்குக் கொண்டுவருகிறார்களாம். கூடப் பிடிபட்டவர்களின் வீட்டார் சேர்ந்து வேன் பேசினார்கள். எங்களுக்கும் இடம் இருந்தது.

“நம்ம வண்டியிலயே போவோம்,” என்றாள் அம்மா.

மண்டபம் போக பாம்பன் பாலத்தைக் கடக்க வேண்டும். அம்மா அதுவரை தங்கச்சிமடம் இருக்கும் தீவை விட்டு வண்டியை வெளியே கொண்டுபோனதில்லை. அன்றைக்கு வாடைக்காற்று பக்கவாட்டில் அறைந்துகொண்டிருந்தது. பாலத்தில் ஏறியதுமே வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அம்மா கோயிலில் செபமாலை நடத்துகிறவள் மாதிரி உரக்கச் சொல்லத் தொடங்கினாள். அந்தச் செபத்தில் முதல் பாதியை ஒருவர் சொல்ல, அடுத்த பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். அம்மா தன் பாதியை முடித்துவிட்டு நிறுத்தினாள்.

“நீயும் சொல்லு புள்ள. ஒத்தையில சொல்ல முடியல.”

பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் வெளியூர்க்காரர்கள் வரிசையாக நின்று கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் குரல் கேட்டு ஒருவன் செல்போனை எங்கள் பக்கம் திருப்பினான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. என் பாதியையும் அம்மாவே சொல்லிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள்.

மண்டபத்தில் அய்யா மெலிந்து, வேறு யாருடைய சட்டையோ மாதிரித் தொங்கிய சட்டையோடு வந்தார். காக்கிச்சட்டை போட்ட அம்மாவை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

வேனுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “ஏலே, ஒம் பொண்டாட்டி வண்டியா? பாத்து ஏறு.”

எல்லோரும் சிரிக்க, அய்யா தரையைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு வேனில் போய் ஏறிவிடுவார், அதோடு இந்த ஆட்டோவுக்கும் முடிவு வரும் என்று நான் காத்திருந்தேன்.

“எப்பப் படிச்ச?” என்று மட்டும் கேட்டார்.

“நீங்க போன பெறவு,” என்றாள் அம்மா.

அய்யா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திரும்பும்போது காற்று இன்னும் கூடியிருந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு முதல் பாதியைச் சொன்னாள். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. பாலத்தின் உச்சிக்கு வந்தபோது அடுத்த பாதி என் பக்கத்திலிருந்து வந்தது.

அய்யா கோயிலுக்குப் போவதே திருவிழாவுக்குத்தான். போனாலும் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார். அவர் இப்போது இரண்டு கையாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வார்த்தைகளைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தொழில் செய்த கடல் இரண்டு பக்கமும் கிடந்தது. அதை அவர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் குரல் கொஞ்சம் உடைந்தது. பிறகு முன்னைவிட உரக்க எழும்பியது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார். பின்னால் வந்த வேன் எங்களைத் தாண்டிப் போகும்போது அதிலிருந்த அத்தனை முகமும் எங்களையே பார்த்தன.

பிடிபட்ட படகு திரும்பி வராததால் அந்த மாதக் கடைசியில் அய்யா இன்னொருவர் படகில் கூலிக்குப் போனார். கரைக்கு அவரைக் கொண்டுவிட்டது அம்மாவின் வண்டிதான். போகிற வழியெல்லாம் இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு போனதாகத் தெருவில் பேசினார்கள். அதையும் நான் வெட்கத்தோடுதான் கேட்டேன்.

அய்யாவைக் கூட்டிவந்த அன்றைக்குப் பாலத்தின் மேல் எனக்கு அழுகை வந்தது. இதுவரை பயந்தாங்கொள்ளி அம்மா ஒருத்திதான்; இப்போது அய்யாவும் அப்படி ஆகிவிட்டாரே என்று நினைத்தேன். பயந்தாங்கொள்ளிகள் என்றால் பாதியில் நின்றிருப்பார்கள் அல்லது திரும்பியிருப்பார்கள்; எங்கள் வண்டி போய்க்கொண்டேதான் இருந்தது. அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.